கிறிஸ்துமஸ் மரமும் ஈஸ்டர் முட்டையும்: புறசமய வேர்கள் எந்த அளவுக்கு உண்மை?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். என் நாத்தனார் திருமணத்துக்குப் பிறகு ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். இந்த டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். வருவதற்கு முன்பே, "அண்ணி, வீட்டில் மரம் மட்டும் வைக்காதீர்கள், அது பாபிலோனிய வழிபாடு" என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தியையும் அனுப்பியிருக்கிறார்.

டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய தேவனுக்குப் பிறந்தநாள், மரம் வைப்பதை எரேமியா தீர்க்கதரிசியே கண்டித்திருக்கிறார், ஈஸ்டர் என்பது இஷ்தார் என்ற பாபிலோனியப் பெண் தெய்வத்தின் பெயர், முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. என் கணவர் அதைப் பாதியிலேயே மூடிவிட்டார். என்னால் அப்படி மூட முடியவில்லை, ஏனென்றால் சூரிய தேவன் விஷயத்தை நான் வேறு இடங்களிலும் படித்திருக்கிறேன். இப்போதைக்கு வாசலில் நட்சத்திரம் மட்டும் தொங்குகிறது. மூன்றடி பிளாஸ்டிக் மரம் பெட்டியோடு பரணிலேயே கிடக்கிறது.

சண்டைக்கு ஆயுதம் தேடி நான் இங்கே வரவில்லை. இவற்றில் எதற்குப் பழைய எழுத்துச் சான்று இருக்கிறது, எது பிற்காலத்தில் யாரோ கட்டிய கதை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி:

அம்மா, நீங்கள் கேட்டவற்றுள் தேதி பற்றியதுதான் உண்மையிலேயே சிக்கலானது. ஆகவே அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கி.பி. 354-ஆம் ஆண்டுக்கென ரோமில் வாலன்டினுஸ் என்ற செல்வருக்காக ஓர் ஏடு எழுதப்பட்டது. ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக்கலைஞர் அதை அழகுற எழுதிக் கொடுத்தார். இன்று நமக்குக் கிடைப்பவை அதன் பிரதிகளின் பிரதிகளே. அரசு விழாக்களின் நாள்காட்டி, ரோம ஆயர்களின் பட்டியல், மறைசாட்சிகளின் நினைவு நாள்கள் என்று பலவும் சேர்ந்த தொகுப்பு அது. அதன் அரசு நாள்காட்டியில் டிசம்பர் 25-க்கு நேரே "வெல்லப்படாதவனின் பிறப்பு, தேர்ப் பந்தயம் 30" என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறிப்பு இருக்கிறது. வெல்லப்படாதவன் என்பது சூரிய தேவனின் பட்டப்பெயர். வழக்கமான விழா நாளுக்கு 24 பந்தயங்கள்தாம். 30 என்றால் பெரிய விழா என்று கொள்ளலாம். அதே ஏட்டில், மறைசாட்சிகளின் பட்டியலின் தலையில், அதே நாளுக்கு "யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்" என்று எழுதியிருக்கிறது. இந்தப் பட்டியல் 336-ஆம் ஆண்டளவிலேயே தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

உங்கள் நாத்தனாருக்கு வந்த செய்தி சொல்லாமல் விட்டது இதைத்தான். சூரியனின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்பதற்கும், கிறிஸ்துவின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்பதற்கும் ஐயத்துக்கு இடமில்லாத முதல் சான்று ஒரே ஏட்டில்தான் கிடைக்கிறது. பேரரசர் அவுரேலியன் 274-இல் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமில் கோயில் எடுத்தது உண்மை. அந்தக் குடமுழுக்கு டிசம்பர் 25-இல் நடந்தது என்று பல புத்தகங்கள் உறுதியாக எழுதினாலும், அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே எது முந்தியது, எது எதைப் பார்த்து வந்தது என்று அடித்துச் சொல்ல வழியில்லை. சாத்தர்னாலியா என்ற ரோமர் விழாவையும் சிலர் இதற்குள் இழுப்பார்கள். அது டிசம்பர் 17-இல் தொடங்கி 23-ஆம் தேதியோடு முடிந்துவிடும். 25-க்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி தூஷேன் 1889-இல் அதை முன்வைத்தார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியன், கிறிஸ்து சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்று கணக்கிட்டிருந்தார். இறந்த நாளும் கருவில் உருவான நாளும் ஒன்றே என்ற எண்ணம் கிறிஸ்தவர்களிடையே இருந்தது. மார்ச் 25-இல் கருவுற்றால் ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25 வருகிறது. இதை நாம் ஊகித்துக்கொள்ளத் தேவையில்லை. புனித அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். எருசலேம் ஆலயத்தைக் கட்ட 46 ஆண்டுகள் ஆயின என்று யோவான் நற்செய்தியில் வருகிறது அல்லவா, அந்த 46-ஐ ஆறால் பெருக்கி 276 என்று எடுத்து, மார்ச் 25 முதல் டிசம்பர் 25 வரை அத்தனை நாள்கள் என்று அவர் காட்டுகிறார். நமக்கு இது எண்சோதிடம் போலத் தோன்றலாம், ஆனால் அக்காலத்து மனம் இப்படித்தான் வேலை செய்தது. கிழக்கில் இறந்த நாளை ஏப்ரல் 6 என்று கொண்டவர்களுக்கு அதே கணக்கு ஜனவரி 6-ஐக் கொடுத்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் பிறப்பு விழாவைக் கொண்டாடுகிறது.

இதனால் சூரியனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒட்டோ உறவோ இல்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை முதலாம் லியோ ஒரு கிறிஸ்துமஸ் மறையுரையில், புனித பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறி வரும் கிறிஸ்தவர்களே மேல்படியில் நின்று திரும்பி, உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். மக்கள் இரண்டையும் கலந்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் கலந்துவிட்டது என்பது வேறு, அதிலிருந்து பிறந்தது என்பது வேறு.

ஊசியிலை:

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பரணில் இருப்பதை இறக்கலாமா என்பதுதானே உங்கள் அவசரக் கேள்வி!

முதலில் எரேமியா. பத்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தை மட்டும் படித்தால், காட்டில் மரம் வெட்டுகிறார்கள், வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள் என்று வருவதால் யாருக்கும் கிறிஸ்துமஸ் மரம்தான் நினைவுக்கு வரும். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அது பேசமாட்டாது, நடக்கமாட்டாது, அதைச் சுமக்கவேண்டும் என்று வருகிறது. தச்சன் செதுக்கித் தகடு போர்த்திய மரச் சிலையைத்தான் தீர்க்கதரிசி கேலி செய்கிறார். மரத்தை யாரும் பேசு என்றோ நட என்றோ எதிர்பார்ப்பதில்லை.

அலங்கரித்த மரத்தை வீட்டுக் கூடத்தில் வைக்கும் வழக்கம் நமக்கு எழுத்தில் கிடைப்பது ரைன் நதிக்கரையின் ஜெர்மன் பேசும் ஊர்களிலிருந்துதான். அல்சாஸ் பகுதியின் செலஸ்டா நகரக் கணக்கேட்டில், கிறிஸ்துமஸ் காலத்தில் காட்டு மரங்களைக் காவல் காத்த வனக்காவலர்களுக்குக் கொடுத்த கூலி 1521-இல் பதிவாகியிருக்கிறது. விழாவுக்காக மரம் திருடப் போகிறவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்! 1605-இல் ஸ்ட்ராஸ்பூர்கைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்பு இன்னும் தெளிவானது: கூடத்தில் ஊசியிலை மரங்களை நிறுத்தி, பல வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாப் பூக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், பொன் தகடு, இனிப்பு ஆகியவற்றை அவற்றில் தொங்கவிடுகிறார்கள்.

அந்த ஆப்பிளையும் அப்பத்தையும் கவனியுங்கள். டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று நடந்த ஏதேன் தோட்ட நாடகத்தில் ஆப்பிள் தொங்கும் பச்சை மரம் ஒன்று மேடையில் நிற்கும். ஆப்பிள் விழுந்த மனிதனையும், அப்பம் நற்கருணையையும் குறித்தன என்பதே பல ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. எட்டாம் நூற்றாண்டில் புனித போனிபாஸ் ஜெர்மனியின் கைஸ்மாரில் தோனார் தெய்வத்தின் கருவாலி மரத்தை வெட்டினார், அங்கே ஊசியிலை மரம் முளைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வெட்டியது அவருடைய வரலாற்றில் இருக்கிறது. வெட்டிய மரத்தில் புனித பேதுருவுக்குச் சிற்றாலயம் கட்டினார் என்றும் இருக்கிறது. முளைத்தது பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரத்துக்குப் பழைய வேர் இல்லை என்றாலும், குளிர்காலத்தில் பச்சைத் தழையால் வீட்டை அலங்கரிப்பதற்கு நிச்சயமாக உண்டு. ரோமர் விழா நாள்களில் வாசலில் லாரல் தழையும் விளக்கும் வைத்தார்கள், கிறிஸ்தவர்களும் அதையே செய்கிறார்கள் என்று தெர்த்துல்லியன் சினந்து எழுதினார். கோயிலை விட்டு வந்தவன் தன் வீட்டு வாசலைக் கோயிலாக்கலாமா என்பது அவர் கேள்வி. ஆறாம் நூற்றாண்டில் இன்றைய போர்ச்சுகலில் உள்ள பிராகாவின் ஆயர் மார்ட்டின் தொகுத்த விதிகளில், புத்தாண்டு நாளில் லாரலாலும் பசுந்தழையாலும் வீட்டைச் சுற்றுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. 1598-இல் லண்டனைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, கிறிஸ்துமஸுக்கு வீடுகளோடு பங்குக் கோயில்களும் தழைகளால் அலங்கரிக்கப்பட்டன என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆயிரம் ஆண்டுகளில் தடை வாங்கிய தழை கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது.

போகிற போக்கில் ஒன்று. நான்கு மெழுகுவர்த்திகளோடு கோயிலில் வைக்கும் திருவருகைக்கால வளையத்தைச் சிலர் பழைய ஜெர்மானியச் சூரியச் சக்கரம் என்பார்கள். ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய வீகெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி நாள் எண்ண வைத்தார். அவ்வளவுதான் அதன் வயது.

பழஞ்சொல்:

ஈஸ்டர் பகுதி என்னுடையது. தமிழ்க் கத்தோலிக்கருக்கு இதில் ஐயமே வந்திருக்க வேண்டியதில்லை. புனித சனி இரவு நீங்கள் போகும் வழிபாட்டின் பெயர் பாஸ்கா திருவிழிப்பு. யூதரின் விடுதலை விழாவுக்கு எபிரேயத்தில் உள்ள பெசாக் என்ற பெயர் கிரேக்கத்தில் பாஸ்கா ஆனது. லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ரஷ்யம் என எங்கும் அந்தச் சொல்லின் வடிவங்களே வழங்குகின்றன. ஈஸ்டர் என்ற பெயர்ச் சிக்கல் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மட்டுமே உரியது. விழா தொடங்கியதோ அந்த மொழிகள் எழுத்தைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு.

அந்தப் பெயருக்கு ஒரே ஒரு பழைய சாட்சி உண்டு. வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், 725-இல் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், ஆங்கிலேயர் ஏப்ரல் மாதத்தை முன்பு "ஈயோஸ்துர்மோனத்" என்றார்கள், ஈயோஸ்த்ரே என்ற பெண் தெய்வத்துக்கு அம்மாதத்தில் விழா எடுத்ததால் அந்தப் பெயர் என்று சொல்கிறார். முயல் பற்றியும் முட்டை பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. பீட் தாமாகக் கற்பனை செய்தார் என்று சிலர் ஐயுற்றார்கள். ஆனால் 1958-இல் ஜெர்மனியின் மோர்கன் ஹார்ஃப் என்ற இடத்தில் "அவுஸ்திரியாகெனை" என்ற அன்னையருக்கு நேர்ந்த ரோமர் கால நேர்த்திக் கல்வெட்டுகள் 150-க்கு மேல் கிடைத்த பிறகு, அப்படி ஒரு பெயருடைய தெய்வம் இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது.

பெயரின் வேரோ விடியலையும் கிழக்கையும் குறிப்பது. வடமொழியின் உஷஸ் இதற்கு உறவுச்சொல். உஷா என்று பெயர் வைத்திருப்பவர்கள் ஒருவகையில் ஈயோஸ்த்ரேவின் பங்காளிகள்! இஷ்தார் செமித்தியக் குடும்பத்துச் சொல், இந்தக் குலத்தில் அதற்கு இடமில்லை. காதில் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு கட்டியவர் ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப். கத்தோலிக்க வழிபாடு முழுவதும் பாபிலோனிலிருந்து வந்தது என்று காட்ட 1853-இல் ஒரு சிறு வெளியீடு எழுதி, 1858-இல் அதைப் பெரிதாக்கினார். உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் பாபிலோன் வாதமெல்லாம் பெரும்பாலும் அவர் வழியில் வந்ததுதான்.

முட்டையின் கதை சமையலறையில் இருக்கிறது. முற்காலத்தில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்காக இருந்தது. கோழி அதை அறியாது. நாற்பது நாளும் இட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்த முட்டைகளைப் பெருவிழாவில் சாயம் ஏற்றிக் கொடுத்துத் தீர்த்தார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு 1290-இல் அரண்மனையில் வழங்குவதற்காக 450 முட்டைகளை 18 பென்ஸுக்கு வாங்கிப் பொன் தகடும் சாயமும் பூசச் செய்தது கணக்கில் இருக்கிறது. பாரசீகர் தங்கள் புத்தாண்டான நவ்ரோஸுக்கும் முட்டைக்குச் சாயம் ஏற்றுவார்கள், ஆகவே வண்ண முட்டை கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்லமாட்டேன். முயல் மிகவும் பிந்தியது. ஜெர்மன் மருத்துவர் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் 1682-இல் முட்டைகளைப் பற்றி எழுதும்போது, காட்டுமுயல் புதர்களில் முட்டை இடுவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தேடவிடும் வழக்கம் அல்சாஸ் பக்கம் இருப்பதைக் குறிப்பிடுகிறார். முட்டையை அளவுக்கு மீறித் தின்றால் உடம்புக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் உண்டு; மருத்துவர் அல்லவா.

சபை வாசி:

காவிரிக்கரை அம்மாவின் நாத்தனார் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மேலே எழுதிய ஐயாமார் சொன்ன திருத்தங்களை ஏற்கிறேன். ஹிஸ்லப்பை நான் எப்போதோ கைவிட்டேன். எங்கள் சபைகளில் அவருடைய கருத்துகள் பெயரில்லாமலேயே சுற்றுவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கவலையே ஆதாரமற்றது என்று முடித்துவிடாதீர்கள்.

601-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மெல்லிதுஸ் என்ற மடத்தலைவருக்கு எழுதிய கடிதத்தை பீட் அப்படியே தம் வரலாற்றில் சேர்த்திருக்கிறார். சிலைகளை உடையுங்கள், கோயில் கட்டடங்களை உடைக்காதீர்கள். தீர்த்தம் தெளித்துப் பீடம் அமையுங்கள். பழகிய இடத்துக்கு மக்கள் தயங்காமல் வருவார்கள். பேய்களுக்கு மாடு பலியிட்டு வந்தவர்கள் மறைசாட்சிகளின் நாளில் அந்த ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு, அதே மாட்டைக் கடவுளுக்கு நன்றியாக அடித்து உண்ணட்டும். உச்சிக்கு ஏற விரும்புகிறவன் தாவி ஏறுவதில்லை, படிப்படியாகத்தான் ஏறுகிறான். இதுதான் கடிதத்தின் சாரம். வழக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுவது என்பது எதிரிகள் சுமத்திய பழி அன்று. தலைமையே எழுத்தில் கொடுத்த உத்தரவு.

நார்வேயிலும் அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டு அரசர் நல்லவர் ஹாகோன், பழைய குளிர்கால விழாவான யூலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினார், ஒவ்வொருவரும் குறித்த அளவு தானியத்தில் பியர் காய்ச்ச வேண்டும், பியர் தீரும்வரை விழாக் கொண்டாட வேண்டும், தவறினால் அபராதம் என்று சட்டம் செய்தார் என ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரி எழுதுகிறார். நார்வே முதலிய வட நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் யூல் என்றே பெயர்.

இதைப் பார்த்துத்தான் பியூரிட்டன்கள் என்ற தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் வழியாகக் கிறிஸ்துமஸையே நீக்கினார்கள். மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம். அவர்கள் வேதத்தில் நாளும் இல்லை, கட்டளையும் இல்லை என்று நின்றார்கள். அந்த வாதத்துக்குப் பாபிலோன் தேவையே இல்லை.

ஏட்டுச்சுவடி:

சபை வாசி ஐயா, கிரகோரி கடிதத்தை நீங்கள் கொண்டுவந்தது நல்லது. அதற்குச் சில வாரங்கள் முன்பு அதே கிரகோரி, கெண்டின் அரசர் ஏத்தல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் கோயில்களை இடித்துத் தள்ளச் சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் யோசித்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று இரண்டாவது கடிதத்தில் அவரே சொல்கிறார். நீங்கள் சொல்வதுபோல் மறைப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் பேசுவது கட்டடத்தையும் மாட்டிறைச்சி விருந்தையும் பற்றி. அதை வைத்துக்கொண்டு 1605-இல் தொங்கிய காகித ரோஜாவுக்கும் 1682-இன் முயலுக்கும் புறசமயப் பட்டம் கட்ட முடியாது. ஒவ்வொரு வழக்கத்துக்கும் தனித்தனியே முதல் சான்று எப்போது என்று கேட்டாக வேண்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தபோது நாத்தனார் வரவில்லை. அது அயர்லாந்தின் பேய் விழாவிலிருந்து வந்தது என்றார். அதுவும் அப்படித்தானா?

ஏட்டுச்சுவடி:

சுருக்கமாகச் சொல்கிறேன். ரோமில் 609-இல் பாந்தியன் கோயிலை ஆலயமாக அர்ப்பணித்த நாளான மே 13-தான் முதலில் மறைசாட்சிகள் அனைவருக்கும் உரிய விழாவாக இருந்தது. நவம்பர் 1 எட்டாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதியிலும் வழக்குக்கு வந்து, 835-இல் பிராங்கு பேரரசு முழுவதற்கும் விதிக்கப்பட்டது. அதே காலத்தில் அயர்லாந்துத் திருச்சபை அனைத்துப் புனிதர் நாளை ஏப்ரல் 20-இல் கொண்டாடியது. அயர்லாந்தின் பழைய குளிர்காலத் தொடக்க விழாவான சம்ஹைனை மறைக்க அங்கே வைத்த விழா என்றால் அயர்லாந்திலேயே வேறு தேதி இருந்திருக்காது. நவம்பர் 2-ஐ பிரான்சின் க்ளூனி மடத்தலைவர் ஒதிலோ 998-ஐ ஒட்டித் தம் மடங்களுக்காக ஏற்படுத்தினார். ஆனால் ஹாலோவீன் இரவின் தீயும் வேடமும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் குளிர்காலத் தொடக்க வழக்கங்களிலிருந்து வந்தவை என்பதில் நியாயம் உண்டு. உங்கள் மாமனார் கல்லறையில் அது எதுவும் நடக்கவில்லை.

காவிரிக்கரை:

நேற்று நாத்தனார் வந்துவிட்டார். இந்த இழை முழுவதையும் படித்தார். இஷ்தாரை விட்டுக்கொடுத்துவிட்டார். பிராகா ஆயர் மார்ட்டினை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். "உங்கள் ஆயரே தடை செய்திருக்கிறார் அண்ணி" என்று காலை முதல் மூன்று முறை சொல்லிவிட்டார். சபை வாசி ஐயாவுக்குத் தம் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார். தாம் மரத்தைத் தொடமாட்டாராம். பிள்ளைகள் தொட்டால் தடுக்கவும் மாட்டாராம்.

மரத்தைப் பரணிலிருந்து இறக்கினோம். அடிக்கால் ஒன்று உடைந்திருந்ததால் என் கணவர் ஒரு பலகையை அறுத்து, சுத்தியலை எடுத்து ஆணி அடிக்கத் தொடங்கினார். அருகில் நின்ற நாத்தனார், எரேமியா பத்தில் நான்காம் வசனத்திலிருந்து "அது அசையாதபடிக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். என் கணவருக்குச் சிரிப்பு வந்து ஆணி வளைந்துவிட்டது.